வாக்குச்சீட்டிலிருந்து வர்த்தமானி வரை: ஜனாதிபதி வருவதும் ஆள்வதும் போவதும்

மஸ்கெலியாவில் போடும் ஒரு வாக்கும் மாத்தறையில் போடும் ஒரு வாக்கும் முழுமையாக ஒரே கணக்கில் சேர்வது இலங்கையில் ஒரேயொரு தேர்தலில்தான். பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்துக்கு இத்தனை ஆசனம் என்ற வரம்பு உண்டு. பிரதேச சபையில் வட்டாரம் உண்டு. ஜனாதிபதித் தேர்தலுக்கு நாடு முழுவதும் ஒரே தொகுதி. அமெரிக்காவில்கூட இப்படி இல்லை. அங்கே மக்கள் போடும் வாக்கு மாநிலவாரியாக 538 தேர்வாளர்களாக மாறுகிறது. அதில் 270ஐத் தொட்டவரே ஜனாதிபதி. நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றவர் தோற்றுப்போனது 2000இலும் நடந்தது, 2016இலும் நடந்தது.

நமது நிறைவேற்று ஜனாதிபதிப் பதவியை உண்டாக்கியவர் ஜே.ஆர். ஜயவர்தன. 1977 தேர்தலில் கிடைத்த ஆறில் ஐந்து பெரும்பான்மையை வைத்து அப்போதிருந்த அரசியலமைப்பைத் திருத்தி, 1978 பெப்ரவரி 4இல் தானே அப்பதவியில் அமர்ந்தார். புதிய அரசியலமைப்பு அந்த ஆண்டு செப்டெம்பர் 7இல் நடைமுறைக்கு வந்தது. மக்கள் நேரே தெரிவுசெய்யும் ஆட்சித்தலைவர் என்பது அமெரிக்காவை ஒத்தது. அவருக்குக் கீழே பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பிரதமரும் அமைச்சரவையும் என்பது பிரான்சை ஒத்தது. இரண்டையும் சேர்த்ததில் இரு நாட்டு ஜனாதிபதிகளுக்கும் இல்லாத சில அதிகாரங்கள் இவருக்கு வந்தன. அவர்களுக்கு உள்ள சில, இவருக்கு இல்லாமல் போயின.

தேர்தல் காலத்தில் தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் மேடைகளில் சம்பளம், காணி, வீடு என்று ஒவ்வொன்றாக அறிவிக்கப்படும். "ஜனாதிபதியே சொல்லிட்டாரு" என்ற பேச்சு மறுநாள் காலை தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் நிற்கும். மேடையில் சொன்னது செக்ரோலில் (தோட்டச் சம்பளப் பதிவேட்டில்) ஏறுவதற்கு எத்தனை கையெழுத்துகளைக் கடக்க வேண்டும், எந்த இடத்தில் அது நின்றுபோகும் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பாதையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இடாப்பில் பெயர் இருக்க வேண்டும்

எல்லாம் வாக்காளர் இடாப்பில் தொடங்குகிறது. ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தர் வழியாக விபரம் திரட்டி, தேர்தல்கள் ஆணைக்குழு இடாப்பைத் திருத்துகிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கான இடாப்பில் 1 கோடியே 71 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர்.

மலையகத்தில் இந்த முதற்படிதான் மிக நீண்டது. 1947 பொதுத் தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் சென்றார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களைத் தெரிவுசெய்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் எடுத்துக்கொண்டது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது. எனவே 1982 ஒக்டோபர் 20இல் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது, ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் வாக்குள்ளவரும் அடுத்த காம்பராவில் வாக்கற்றவரும் இருந்தார்கள். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் பெரும்பாலானவர்களின் நிலையைத் தீர்த்தது. எஞ்சியவர்களுக்கு 2003 சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

இப்போது தடை குடியுரிமையில் இல்லை. அடையாள அட்டையிலும் முகவரியிலும் இருக்கிறது. பெயர் இடாப்பில் இருந்தாலும் தேசிய அடையாள அட்டையோ ஏற்கத்தக்க வேறு ஆவணமோ இல்லாமல் வாக்களிக்க முடியாது. அட்டை இல்லாதவர் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே விண்ணப்பித்தால் தேர்தலுக்கென்று தற்காலிக அட்டை கிடைக்கும். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் இளைஞர்கள் பெரும்பாலும் ஊர் இடாப்பிலேயே இருக்கிறார்கள். வாக்களிக்கச் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டியது தொழில்தருநரின் கடமை. 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்பது தேர்தல் காலத்தில் அறிவுறுத்தப்படும் அளவு. ஹட்டனுக்குப் போகிறவர் ஒன்றரை நாள் கேட்கலாம்.

2. வேட்பாளர் ஆவது

வயது 35 நிரம்பியிருக்க வேண்டும். 2015இல் வந்த 19ஆவது திருத்தத்துக்கு முன் 30 போதுமாக இருந்தது. இரட்டைக் குடியுரிமை இருக்கக் கூடாது. 19ஆவது திருத்தம் இத்தடையைக் கொண்டுவந்தது, 2020இல் 20ஆவது எடுத்துவிட்டது, 2022இல் 21ஆவது திரும்பக் கொண்டுவந்தது. இரு முறை ஜனாதிபதியாகத் தெரிவானவர் மூன்றாம் முறை நிற்க முடியாது. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, முன்பு ஆறு.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி எதுவும் ஒருவரை நிறுத்தலாம். கட்சி இல்லாமல் சுயேச்சையாக நிற்க விரும்புகிறவர், பாராளுமன்ற உறுப்பினராக இருப்பவராகவோ முன்பு இருந்தவராகவோ இருக்க வேண்டும். கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000 ரூபாய். 2024இல் 38 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டில் இருந்த பெயர்களுள் ஒன்று நுவரெலியா மாவட்ட முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் மயில்வாகனம் திலகராஜினுடையது. வெல்வதற்காக அல்ல, மலையகத்தின் கோரிக்கையை நாடு தழுவிய சீட்டில் ஒரு பெயராகப் பதிவதற்காகவும் இந்தப் படியைப் பயன்படுத்தலாம்.

3. சீட்டில் அடையாளமிடுவது

காலை 7 முதல் மாலை 4 மணி வரை. தோட்டங்களில் பாடசாலையே பெரும்பாலும் வாக்குச்சாவடி. விரும்பும் ஒருவருக்கு நேரே 1 என்று எழுதலாம், அல்லது ஒரு புள்ளடி போடலாம். இரண்டும் செல்லும். விரும்பினால் இன்னொருவருக்கு 2, வேறொருவருக்கு 3 என்றும் எழுதலாம். இவைதான் இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவருக்குப் புள்ளடி போட்டால் சீட்டு செல்லாது. 1 இல்லாமல் 2, 3 மட்டும் எழுதினாலும் செல்லாது. 2024இல் நாடு முழுவதும் 3,00,300 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன.

2, 3 எழுதினால் முதலாமவருக்குப் போட்ட வாக்கு குறைந்துவிடும் என்றொரு பயம் மலையகத்தில் மட்டுமல்ல, எங்கும் இருக்கிறது. அது பிழை. முதலாமவர் போட்டியில் இருக்கும்வரை உங்கள் 2ஐ யாரும் எண்ணுவதில்லை. அவர் வெளியேறிய பிறகுதான் அந்த எண்ணுக்கு உயிர் வருகிறது.

4. எண்ணுவது

வாக்குகள் 22 தேர்தல் மாவட்டங்களிலும் தனித்தனியே எண்ணப்படும். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை என நான்கு தொகுதிகள். தபால் வாக்கும் தொகுதி முடிவுகளும் வெளிவந்து, கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும். செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் ஒருவர் பெற்றிருந்தால் கதை முடிந்தது. 1982 முதல் 2019 வரை எட்டுத் தேர்தலிலும் அப்படியே முடிந்தது. 2005இல் மஹிந்த ராஜபக்ஷ 50.29 வீதத்தில் தப்பினார்.

2024 செப்டெம்பர் 21 தேர்தலில் முதன்முறையாக யாரும் பாதியைத் தாண்டவில்லை. அனுர குமார திசாநாயக்க 5,634,915 (42.31 வீதம்), சஜித் பிரேமதாச 4,363,035 (32.76 வீதம்), ரணில் விக்கிரமசிங்க 2,299,767 (17.27 வீதம்). அப்போது நடந்தது இதுதான். முதல் இருவரைத் தவிர மற்ற அனைவரும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு 1 விழுந்த சீட்டுகள் மீண்டும் எடுக்கப்பட்டன. அவற்றில் 2 எஞ்சிய இருவருள் ஒருவருக்கு இருந்தால் அவருக்குப் போனது. 2 நீக்கப்பட்ட ஒருவருக்கே இருந்தால் 3 பார்க்கப்பட்டது. இரண்டும் உதவாவிட்டால் சீட்டு ஒதுக்கிவைக்கப்பட்டது.

இந்த வழியில் சஜித்துக்கு 167,867, அனுரவுக்கு 105,264 கூடுதலாகக் கிடைத்தன. இறுதி எண்ணிக்கை அனுரவுக்கு 5,740,179, சஜித்துக்கு 4,530,902. இப்போது பாதி வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இருவரில் கூடியவர் வென்றவர்.

கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் இரண்டாம் எண்ணிக்கைக்குப் பயன்பட்டவை 2,73,131 மட்டுமே, நூற்றுக்கு எட்டு. நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் சஜித்துக்கு, இரண்டாமிடம் ரணிலுக்கு, மூன்றாமிடம்தான் அனுரவுக்கு. மலையகக் கட்சிகளில் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடும் நின்றன. ரணிலுக்கு ஒரு புள்ளடி மட்டும் போட்டுவிட்டு வந்த தோட்டத்து வாக்காளருக்கு, இறுதி இருவரில் யார் என்ற கேள்வியில் எந்தப் பங்கும் இல்லாமல் போனது. கட்சிகள் சின்னத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, 2ஐயும் 3ஐயும் சொல்லித்தராததன் விலை அது.

5. பதவியேற்பு, அதோடு வரும் அதிகாரம்

பிரதம நீதியரசர் முன்னிலையிலோ உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் முன்னிலையிலோ சத்தியப்பிரமாணம் செய்தவுடன் அதிகாரம் கைக்கு வருகிறது. அமெரிக்காவில் நவம்பரில் வென்றவர் ஜனவரி 20 வரை காத்திருக்க வேண்டும். இங்கே அனுர குமார, முடிவு வந்த மறுநாளே, செப்டெம்பர் 23இல் பதவியேற்றார்.

அரசியலமைப்பின் 30ஆம் உறுப்புரைப்படி அவர் அரசின் தலைவர், ஆட்சித்துறையின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், ஆயுதப் படைகளின் தலைமைத் தளபதி. போரும் சமாதானமும் பிரகடனம் செய்பவர் அவர். தூதுவர்களை ஏற்பவர் அவர். மாகாண ஆளுநர்களை நியமிப்பவரும் அவரே. 2023இல் கிழக்கு மாகாண ஆளுநராக மலையகத்தைச் சேர்ந்த செந்தில் தொண்டமான் வந்தது இந்த அதிகாரத்தால். ஜனாதிபதி மாறியதும் அந்த நாற்காலி மாறியதும் அதனால்தான்.

நீதியரசர்களையும் சட்டமா அதிபரையும் தான் நினைத்தபடி நியமிக்க முடியாது; அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். அமெரிக்காவில் இந்த வேலையைச் செனட் சபை செய்கிறது. பொதுமன்னிப்பு வழங்கலாம், ஆனால் அதுவும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட அரசியல்வாதி துமிந்த சில்வாவுக்கு 2021இல் வழங்கப்பட்ட மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் செல்லாததாக்கியது.

6. அமைச்சரவை அமைப்பது

அமெரிக்க ஜனாதிபதியின் செயலாளர்கள் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவே கூடாது. இங்கே அதற்கு நேர்மாறு: அமைச்சராக வேண்டுமானால் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். பாராளுமன்றத்தின் நம்பிக்கை யாருக்கு உண்டு என்று தான் கருதும் உறுப்பினரை ஜனாதிபதி பிரதமராக்குகிறார். பிறகு எத்தனை அமைச்சு, எந்த அமைச்சின் கீழ் எந்தத் திணைக்களம் என்று வர்த்தமானியில் வெளியிடுகிறார். அமைச்சரவை 30 பேருக்கு மேல் போகக் கூடாது.

அனுர குமார பதவியேற்ற அன்று அவரது கட்சிக்குப் பாராளுமன்றத்தில் மூன்றே ஆசனங்கள். நாடு முழுவதும் வென்ற ஜனாதிபதி, அமைச்சு கொடுக்க ஆளில்லாமல் இருந்தார். அடுத்த நாளே ஹரினி அமரசூரியவைப் பிரதமராக்கிவிட்டு, பாராளுமன்றத்தைக் கலைத்தார். நவம்பர் 14 தேர்தலில் 225இல் 159 ஆசனம் வந்தது. ஜனாதிபதியின் பலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அந்த இரண்டு மாதங்கள் நல்ல பாடம்.

மலையகத் தலைமைகள் இந்தப் படியை நன்கு அறிந்தவர்கள். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில் காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோருக்கு அடுத்ததாக மூன்றாவது உறுப்பினராகத் தெரிவான சௌமியமூர்த்தி தொண்டமான், 1978இல் ஜே.ஆரின் அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அமைச்சரானார். அங்கிருந்துதான் குடியுரிமைச் சட்டங்களை நகர்த்தினார். பின்னர் ஆறுமுகன் தொண்டமான், பழனி திகாம்பரம், ஜீவன் தொண்டமான் என்று அமைச்சர்கள் வந்தார்கள். தோட்ட உட்கட்டமைப்பு என்பது ஒவ்வொரு ஆட்சியிலும் வெவ்வேறு பெயருள்ள அமைச்சின் கீழ் போனது. பெயர்ப் பலகை மாறும்போதெல்லாம் கோப்பும் கட்டடம் மாறியது. ஒரு வீட்டுத் திட்டம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்கிறவர், அந்த அமைச்சின் எல்லை பற்றிய கடைசி வர்த்தமானியை முதலில் பார்க்க வேண்டும்.

7. சொன்னது நடைமுறையாவது

இலங்கை ஜனாதிபதி பொதுவாகச் சட்டமூலத்தில் கையெழுத்திடுவதில்லை. பாராளுமன்றம் நிறைவேற்றியதைச் சபாநாயகர் சான்றுப்படுத்தினால் அது சட்டம். அமெரிக்க ஜனாதிபதிக்குள்ள மறுப்பதிகாரம் இவருக்கு இல்லை. பணத்தின் மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்திடமே. அப்படியானால் ஜனாதிபதி விரும்புவது எந்த வழியில் தோட்டத்தை வந்தடைகிறது? பெரும்பாலும், ஏற்கெனவே உள்ள ஒரு சட்டத்தின் கீழ் அமைச்சர் ஒருவர் கையெழுத்திடும் வர்த்தமானி வழியாக.

இரண்டு உதாரணங்கள் பார்ப்போம். ஒன்று மிக விரைவாக வந்தது. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்துவது என்று அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ தீர்மானித்தார். இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969 முதலே இருக்கிறது. அதன் கீழ் மே 6இல் ஓர் ஒழுங்குவிதி வந்தது, கப்பல் நின்றது. பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவைப்படவில்லை, தோட்டத்தில் யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை. நவம்பரில் அதை மீளப்பெற்றார்கள். ஆனால் தேயிலைச் செடி வர்த்தமானியின் திகதிக்கு உடனே இசைவதில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022இல் ஏறத்தாழ 25 கோடிக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் நோம், அதாவது நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய அளவு, எட்டாது. நோம் எட்டாவிட்டால் முழுப்பேர் அரைப்பேராகும், முழு நாள் சம்பளம் அரை நாள் சம்பளமாகும்.

மற்றது சம்பளம். இது மெதுவாகத்தான் வரும், ஏனென்றால் சம்பளம் கொடுப்பது அரசாங்கம் அல்ல. 1992இலிருந்து தோட்டங்களை நிர்வகிப்பவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். ஜனாதிபதி அவர்களுக்கு நேரே கட்டளையிட முடியாது. பாதை இப்படி இருக்கிறது: தொழில்தருநர் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் நியமன உறுப்பினர்களும் கொண்ட சம்பள நிர்ணய சபை கூடுகிறது, தீர்மானத்தை ஆட்சேபணைக்காக அறிவிக்கிறது, தொழில் அமைச்சர் ஒப்புதலோடு அது வர்த்தமானியில் வருகிறது, கம்பனிகள் நீதிமன்றம் போகின்றன, அங்கே தாண்டினால்தான் செக்ரோலில் ஏறும்.

நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று 2020 ஜனவரியில் அமைச்சரவை தீர்மானித்து, மார்ச் முதல் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. கிடைத்தது 2021 மார்ச்சில், சம்பள நிர்ணய சபை வழியாக, 900 அடிப்படை, 100 கொடுப்பனவு என்று. ஓராண்டு ஏன் போனது என்றால், முதலில் இருந்தது ஓர் அறிவிப்பு மட்டும். 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாய் என்று அறிவித்தார். வர்த்தமானியும் அந்த மாதமே வந்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் இடைக்காலத் தடை விழுந்தது. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, மீண்டும் சம்பள நிர்ணய சபை வழியாக 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம் உறுதியானது. 1,700க்கும் 1,350க்கும் இடையிலுள்ள 350 ரூபாய்தான் மேடைக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம்.

அடுத்த ஜனாதிபதி வேறு வழி எடுத்தார். நிதியமைச்சையும் தன்னிடம் வைத்திருந்த அனுர குமார, 2025 நவம்பர் 7இல் 2026க்கான வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்து, அடிப்படைச் சம்பளத்தை 1,550 ஆக உயர்த்துவதாகவும், நாள் வருகைக்கென 200 ரூபாயை அரசாங்கம் தருவதாகவும் சொன்னார். மொத்தம் 1,750. இதில் 200 ரூபாய் பாராளுமன்றம் ஒதுக்கும் பணம், ஆகவே அது பாராளுமன்றப் பாதையில் வருவது. மிச்சம் கம்பனியின் பணம். அது மேலே சொன்ன பழைய பாதையில்தான் வர வேண்டும். ஒரே தொகையின் இரண்டு பகுதிகளுக்கு இரண்டு வழி. எந்தப் பகுதி எந்த வழியில் வருகிறது என்று தெரிந்த தோட்டத் தலைவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

8. பாராளுமன்றத்தைக் கலைப்பது

அமெரிக்க ஜனாதிபதி எவ்வளவு கோபம் வந்தாலும் காங்கிரஸைக் கலைக்க முடியாது. இங்கே முடியும், காலக்கெடு ஒன்றுக்குப் பிறகு. முன்பு ஓராண்டு; 19ஆவது திருத்தம் நான்கரை ஆண்டாக்கியது; இப்போது இரண்டரை ஆண்டு.

அந்தக் காலக்கெடு உண்மையில் கட்டுப்படுத்துமா என்பது 2018இல் தெரிந்தது. ஒக்டோபர் 26இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணிலை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றதும் நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். உயர் நீதிமன்றம் சில நாளில் இடைநிறுத்தியது. டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார்கள். மனுதாரர்களில் தமிழ் முற்போக்குக் கூட்டணியின் மனோ கணேசனும் ஒருவர். தொழிலாளர் காங்கிரஸ் அப்போது மஹிந்த பக்கம் நின்றது. மலையகம் எப்போதும் ஜனாதிபதியின் நிழலில் நிற்கும் என்ற எண்ணம் அன்று பாதி பொய்யானது.

9. அவசரகாலம்

பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947இல் வந்தது, ஜனாதிபதிப் பதவியைவிட மூத்தது. அதன் கீழ் ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யலாம். பிரகடனம் ஒரு மாதம் செல்லும். ஆனால் 14 நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் காலாவதி. அவசரகால விதிகள் சாதாரணச் சட்டங்களை மேவும்; அரசியலமைப்பை மேவ முடியாது. 2022இல் மக்கள் போராட்டத்தின்போது அதை எடுத்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளைத் தோட்டங்கள் மீது இறக்கியபோதும் எடுத்தார்கள். ஒரே கருவி, இரண்டு நோக்கம். பாராளுமன்றம் அங்கீகரிக்கும் நாளில் உங்கள் மாவட்ட உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

10. அகற்றுவதும் இடம் நிரப்புவதும்

மக்கள் கொடுத்த பதவியை இடையில் பறிப்பது வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டிருக்கிறது. அரசியலமைப்பை வேண்டுமென்று மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகம், உடல் அல்லது மன இயலாமை போன்றவை காரணமாகலாம். உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட வேண்டும். அல்லது பாதிப்பேர் ஒப்பமிட்டு, விசாரணைக்குரியது என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பிறகு மூன்றில் இரண்டு வாக்கால் உயர் நீதிமன்ற விசாரணைக்கு அனுப்ப வேண்டும். நீதிமன்றம் குற்றத்தைக் கண்டால், மீண்டும் மூன்றில் இரண்டு வாக்கால் நீக்க வேண்டும். அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை, செனட்டில் மூன்றில் இரண்டு. நடுவில் நீதிமன்ற விசாரணை இல்லை.

இதுவரை யாரும் இவ்வழியில் நீக்கப்படவில்லை. 1991இல் ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராக வந்த குற்றப்பிரேரணையை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர், நுவரெலியா அரசியலில் வளர்ந்த காமினி திசாநாயக்க. சபாநாயகர் எம்.எச். முகம்மது முதலில் ஏற்று, பின்னர் நிராகரித்தார். பிரேரணை அதோடு முடிந்தது.

ஜனாதிபதி இறந்தாலோ விலகினாலோ அமெரிக்காவில் துணை ஜனாதிபதி மிச்சக் காலத்தை எடுத்துக்கொள்வார். இங்கே பிரதமர் பதிலாக இருப்பார், ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவுசெய்யும். பிரேமதாச 1993 மே தினத்தில் கொல்லப்பட்ட பின் டி.பி. விஜேதுங்க வந்தது இப்படி. கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து சபாநாயகருக்கு விலகல் கடிதம் அனுப்பிய பின், 2022 ஜூலை 20இல் ரணில் வந்ததும் இப்படி: ரணில் 134, டலஸ் அழகப்பெரும 82, அனுர குமார 3. அன்று வாக்காளர்கள் 225 பேர் மட்டும். இரண்டே ஆண்டில் அந்த 3 வாக்குக்காரரை நாடு ஜனாதிபதியாக்கியது.

இந்தப் பதவியை ஒழிப்பதாக 1994 முதல் பல வேட்பாளர்கள் வாக்குறுதி தந்தார்கள். வென்றபின் அதில் அமர்ந்தார்கள். ஒழிக்கும்வரை இருக்கப்போகிற பதவி இது. மலையகத்தார் ஜனாதிபதியை ஒரு பெரிய துரையாக நினைத்து, மனம் இரங்கினால் தருவார் என்று பார்க்கும் பழக்கம் நமக்கு நட்டத்தையே தந்திருக்கிறது. அவருக்கு இருப்பது சட்டம் தந்த அதிகாரம். அதற்கு எல்லையும் வழியும் காகிதத்தில் இருக்கின்றன. 2029இல் அடுத்த வேட்பாளர் மேடையேறி ஒரு தொகையைச் சொல்லும்போது, அது எந்தச் சட்டத்தின் கீழ் வரும், யார் கையெழுத்திடுவார், பணம் அரசாங்கத்தினதா கம்பனியினதா என்று அங்கேயே கேளுங்கள். வாக்குச்சாவடிக்குள் போனதும் 1 மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். 2ஐயும் 3ஐயும் எழுதுங்கள். அதற்கு முன் இந்த ஆண்டு இடாப்பில் உங்கள் வீட்டிலுள்ள 18 வயதானவரின் பெயர் ஏறிவிட்டதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுங்கள்.